தொக்கு வைக்கத் தெரிந்தால் போதுமா?

பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. கல்லூரிக்குப் போக வசதி இல்லை. வேலையும் கிடைக்கவில்லை. இப்படி வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஊறுகாய், ஜாம், அப்பளம் செய்யக் கற்றுக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான்.

மூன்று நாள் பயிற்சி. கடைசி நாளில் சான்றிதழ். ஒரு போட்டோ. பிறகு?

பல வீடுகளில் அந்தச் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. அடுப்பில் ஒன்றும் வேகவில்லை. பிள்ளைகள் சோம்பேறிகளா? இல்லை. அவர்களுக்குச் சமையலைச் சொல்லிக் கொடுத்தார்கள். தொழிலைச் சொல்லிக் கொடுக்கவில்லை!

வீட்டில் பாட்டி கை அளவாக உப்புப் போடுவார். ஒரு நாள் கூடினால் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டுவிடுவார்கள். கடைக்கு அனுப்பிய ஐம்பது பாட்டிலில் பூஞ்சை பிடித்தால்? கடைக்காரர் அடுத்த முறை வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

தண்ணீர்க் கணக்கு

ஒட்டன்சத்திரத்திலும் பாலக்கோட்டிலும் தக்காளி விலை சரிந்தால் விவசாயி தலையில் கை வைத்துக்கொள்கிறார். "இதை உலர்த்தி விற்கலாமே" என்று பயிற்சியில் சொல்கிறார்கள். விற்கலாம். ஆனால் 100 கிலோ தக்காளியில் சுமார் 94 கிலோ தண்ணீர்! காய்ந்த பிறகு ஆறேழு கிலோதான் மிஞ்சும். தக்காளி கிலோ 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோ வற்றலுக்குத் தக்காளிச் செலவு மட்டும் சுமார் 150 ரூபாய் ஆகிறது. பிறகு பை, பஸ் கட்டணம், சொந்தக் கூலி. இந்தக் கணக்குத் தெரியாத பிள்ளைக்கு விற்க விற்க நஷ்டம்தான்.

அளவும் அப்படியே. ஜாமில் சர்க்கரை முதலான கரைபொருள் 65 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. குறைந்தால் கெட்டுவிடும். அதை அளக்கக் கையடக்கமான கருவி இருக்கிறது. எலுமிச்சை ஸ்குவாஷ் கெடாமல் இருக்கப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் சேர்க்கிறார்கள். அதையே திராட்சை ரசத்தில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். அதற்குச் சோடியம் பென்சோயேட் வேண்டும். எதுவானாலும் சட்டம் அனுமதித்த அளவுதான். கண் அளவு இங்கே கூடாது. சாப்பிடுகிறவர்களும் யாரோ வீட்டுப் பிள்ளைகள்தானே?

ஏழு பெண்கள்

1959-ல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட்டார்கள். அதுதான் பின்னால் லிஜ்ஜத் என்ற பெரிய நிறுவனம் ஆயிற்று. அப்பளம் இட எத்தனையோ பெண்களுக்குத் தெரியும். லிஜ்ஜத்தில் என்ன விசேஷம்? மாவை ஒரே இடத்தில், ஒரே அளவில் பிசைந்து கொடுத்தார்கள். பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் இட்டுத் தந்தார்கள். யார் கை இட்டாலும் ருசி ஒன்றே!

மைசூரில் 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தஞ்சாவூரிலும் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சம் இல்லை. அது மூன்று நாளில் ஊற்றி முடிக்கிற சரக்கும் இல்லை. ஒரு மாம்பழப் பருவம் முழுவதும் பிள்ளைகள் செய்ய வேண்டும். கடைவீதிக்குப் போய் விற்க வேண்டும். விற்காததைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

பணம் மட்டும் வந்தால் போதாது. 2020-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில், சிறு உணவுத் தொழிலுக்கு 35 சதவீத மானியம், 10 லட்சம் ரூபாய் வரை உண்டு என்றார்கள். சரிதான். ஆனால் வாங்குகிறவர் யார் என்று தெரியுமுன் இயந்திரம் வாங்கினால், மீதிப் பங்கு வங்கிக் கடனாகத் தலையில் ஏறும். முதலில் நாலு கடைக்காரரின் பழக்கம். பிறகு இயந்திரம்.

சான்றிதழை மட்டும் கொஞ்சம் தள்ளிக் கொடுக்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் செய்த பாட்டிலில் பெயரும் தேதியும் எழுதி அலமாரியில் பூட்டி வைக்கட்டும். மூன்று மாதம் கழித்து எல்லோர் முன்னிலையிலும் திறக்கட்டும். கெடாமல் இருந்தால், அன்றைக்குக் கொடுக்கட்டும்.