நம்புற மாதிரி சொல்லு மச்சி!

போன வாரம் ஹாஸ்டல்ல என் ரூம் கதவைத் தட்டினான் ஒரு ஜூனியர். கொளுத்துற வெயில்ல தலையோட போர்வை போத்தியிருந்தான். ‘‘அண்ணே, லீவ் லெட்டர்ல இங்கிலீஷ் கரெக்டானு பார்த்துச் சொல்லுங்கண்ணே’’ன்னு ஒரு பேப்பரை நீட்டினான். பார்த்தா... ‘ஐ ஆம் ப்ளாஸிப்ளி சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்!’

எனக்கே ஜுரம் வந்துடும் போல ஆயிடுச்சு. ‘ப்ராபப்ளி’யை எல்லாரும் போடுறாங்களாம். கொஞ்சம் வெயிட்டா இருக்கட்டுமேன்னு பையன் ‘ப்ளாஸிப்ளி’க்குத் தாவிட்டான். அந்த லெட்டரை எச்.ஓ.டி. படிச்சா என்ன அர்த்தம் வரும் தெரியுமா? ‘சார், எனக்கு ஜுரம்னு சொன்னா நம்புற மாதிரிதானே இருக்கு?’ ஆக, போர்வை, முனகல் எல்லாம் வேஸ்ட். தானே வந்து சரண்டர் ஆன மாதிரி!

‘‘இந்த வார்த்தையை எங்கேடா பிடிச்சே?’’ன்னு கேட்டேன். ‘‘நீங்க ஒர்க்‌ஷாப் லாக் புக்ல எழுதியிருந்தீங்களேண்ணே...’’ன்னான். சிரிச்சுக்கிட்டு இருந்தவன் கப்சிப் ஆயிட்டேன். அங்கே நான் எதுக்கு அதை எழுதினேன்கிறது சிரிப்பு மேட்டர் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் இந்த வார்த்தை. முதல்ல வார்த்தையைக் கவனிச்சுட்டு வந்துடலாம்.

உச்சரிப்புல ஆரம்பிப்போம். நடுவுல வர்ற ‘ஸி’யை மிருகக்காட்சி சாலைக்குச் சொல்ற ‘ஸூ’ மாதிரி கொஞ்சம் ரீங்காரத்தோட சொல்லணும். இதுக்கு மூலம் லத்தீன். ‘ப்ளாடெரே’ன்னா கை தட்டுறது. ‘அப்ளாஸ்’ இதே வீட்டுப் பிள்ளைதான். ‘ப்ளாஸிபிள்’ முதல்ல இங்கிலீஷுக்கு வந்தப்போ அர்த்தம் ‘கைத்தட்டலுக்குத் தகுதியானது’. நல்ல பிள்ளையா இருந்த அந்த வார்த்தை போகப் போக ‘கேட்க நல்லாத்தான் இருக்கு, உள்ளே என்ன இருக்கோ?’ங்கிற இடத்துக்கு வந்து சேர்ந்துச்சு. இன்னொரு கூத்து... நம்ம ‘எக்ஸ்ப்ளோட்’டும் இந்தக் குடும்பம்தான். மொக்கையா நடிச்ச நடிகரைக் கை தட்டியே மேடையை விட்டு விரட்டுறதுக்கு அந்தக் காலத்துல வெச்ச பேரு அது. கல்ச்சுரல்ஸ்ல நாம செய்யறதுக்கு லத்தீன்லயே பேர் இருந்திருக்கு பாஸ்!

சரி, தமிழ்ல? ‘நம்பத்தகுந்த வகையில்’னு டிக்‌ஷ்னரி தமிழ்ல சொல்லலாம். எங்க பாட்டிகிட்டே இதைவிட பக்காவான ஒண்ணு இருக்கு. ‘பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்.’ அந்தப் ‘பொருந்த’தான் ப்ளாஸிப்ளி. சொல்றது மெய்யா, பொய்யாங்கிறதே இந்த வார்த்தைக்குள்ள வராது. கதை பொருந்துதா, அவ்வளவுதான்.

இதுக்குப் பங்காளிங்க நிறைய. அவங்களோட போட்டுக் குழப்பிக்கறதாலதான் நம்மாளு லீவ் லெட்டர்ல கவுந்துட்டான். ‘பாஸிப்ளி’ன்னா நடக்கவே நடக்காதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ‘ப்ராபப்ளி’ன்னா நடக்கத்தான் சான்ஸ் அதிகம், கணக்குப் பார்த்துச் சொல்றது. ப்ளாஸிப்ளி ரெண்டும் கிடையாது. நாளைக்கு செமஸ்டர் தள்ளிப் போகும்னு ஒருத்தன் கிளப்பி விடுறான். காரணமா, பிரின்டிங்ல பிரச்னை, கவர் வந்து சேரலைன்னு கோவையா ஒரு கதை சொல்றான். கதை ப்ளாஸிபிள். அதுக்காக புக்கை மூடி வெச்சவங்க அத்தனை பேரும் அரியர்!

‘க்ரெடிப்ளி’ வேற. லத்தீன்ல நம்புறதுக்கு உள்ள வார்த்தையில இருந்து வந்தது. இதுல கதையைவிட, சொல்ற ஆளுக்கும் அவர் பின்னாடி இருக்கிற ஆதாரத்துக்கும்தான் மதிப்பு. 2003-ல் இந்தியா வெளியிட்ட அணு ஆயுதக் கொள்கையில ‘க்ரெடிபிள்’ங்கிற வார்த்தையைப் போட்டுத்தான், ‘தேவையான குறைந்தபட்ச ஆயுதம் வைத்திருப்போம்’னு சொல்லியிருக்கு. எதிராளி நம்பினாத்தான் அங்கே வேலைக்கு ஆகும். ‘கன்வின்ஸிங்லி’ உங்களுக்கே தெரியும். கிரிக்கெட் கமென்ட்ரியில ‘கன்வின்ஸிங்லி’ ஜெயிச்சாங்கன்னா, கடைசி ஓவர் டென்ஷனே இல்லாம ஊதித் தள்ளிட்டாங்கன்னு அர்த்தம். பாவம், ‘இன்க்ரெடிப்ளி’தான்! ‘நம்ப முடியாதபடி’ன்னு கம்பீரமா இருந்த வார்த்தை, இப்ப ‘இன்க்ரெடிப்ளி டேஸ்டி பிரியாணி’ன்னு ‘ரொம்ப’வுக்கு எடுபிடி வேலை பார்த்துட்டு இருக்கு.

டி.வி.யில ‘மித்பஸ்டர்ஸ்’ பார்த்திருக்கீங்களா? 2003-ல் டிஸ்கவரியில ஆரம்பிச்ச ஷோ. ஊர்ல உலாவுற கதைகளை எடுத்து, செஞ்சு பார்த்து, வெடிச்சுப் பார்த்து (அதுக்காகவே பார்த்த கூட்டம் உண்டு, அடியேன் உட்பட) கடைசியில மூணு தீர்ப்புல ஒண்ணு கொடுப்பாங்க. ‘பஸ்டட்’னா டுபாக்கூர். ‘கன்ஃபர்ம்ட்’னா நிஜம். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு, ‘ப்ளாஸிபிள்’. நடந்திருக்கலாம், ஆனா நடந்துச்சுன்னு நாங்க கையெழுத்துப் போட மாட்டோம். இந்த வார்த்தைக்கு இதைவிட நல்ல டெமோ கிடையாது.

எழுதும்போது இதை தனியா விடாதீங்க. பெரும்பாலும் ‘குட்’, ‘கேன்’, ‘மைட்’ மாதிரி ஆளுங்களுக்கும் வினைச்சொல்லுக்கும் நடுவுலதான் இதுக்கு சீட். ‘குட் ப்ளாஸிப்ளி எக்ஸ்ப்ளெய்ன்’, ‘கேன் ப்ளாஸிப்ளி க்ளெய்ம்’... இந்த மாதிரி. விளக்குறது, வாதாடுறது, மறுக்குறது... இந்த மூணு வேலைக்கும் இது நல்லா ஒத்துழைக்கும்.

மறுக்குறதுன்னதும் ஒரு ஃப்ளாஷ்பேக். 1948 ஜூன்ல அமெரிக்காவோட தேசிய பாதுகாப்பு கவுன்சில் ஒரு ரகசிய உத்தரவு போட்டுச்சு. நம்பர் 10/2. சி.ஐ.ஏ. வெளிநாடுகள்ல மறைமுக வேலைகள் பார்க்கலாம். ஆனா ஒரு கண்டிஷன்... மாட்டிக்கிட்டா, ‘எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை’ன்னு அரசாங்கம் கை கழுவ முடியணும். எப்படிக் கழுவணும்? ‘ப்ளாஸிப்ளி’! அந்த உத்தரவுல இதே வார்த்தைதான் இருக்கு. பொருந்தச் சொல்லுங்கிற நம்ம பாட்டி பாலிசியை அரசாங்க லெட்டர்ல ஏத்தின மாதிரி.

பன்னெண்டு வருஷம் கழிச்சு அது அவங்களையே கடிச்சுச்சு. 1960 மே 1. சோவியத் வானத்துல ரொம்ப உயரத்துல பறந்து போட்டோ பிடிச்சுட்டு இருந்த அமெரிக்காவோட யு-2 விமானத்தை ஏவுகணை விட்டு வீழ்த்திட்டாங்க. அமெரிக்கா ரெடியா ஒரு கதை வெச்சிருந்தது. நாசாவோட வானிலை ஆராய்ச்சி விமானம்... துருக்கி பக்கம் பறந்தப்போ பைலட்டுக்கு ஆக்சிஜன்ல சிக்கல்... வழி தவறி எல்லை தாண்டியிருக்கலாம். எவ்வளவு அழகா பொருந்துது பாருங்க! இன்னொரு யு-2-வுக்கு நாசா பேரைப் பெயின்ட் அடிச்சுப் பத்திரிகைக்காரங்களுக்குக் காட்டவும் செஞ்சாங்க. பைலட் உயிரோட இருக்க மாட்டார்ங்கிற தைரியம். மே 7-ம் தேதி சோவியத் தலைவர் குருஷேவ் எழுந்து, பைலட் கேரி பவர்ஸ் பத்திரமா எங்ககிட்டேதான் இருக்கார்னு அறிவிச்சார். அத்தோட கதை காலி. மே 11-ம் தேதி அதிபர் ஐசனோவர் தானே பொறுப்பை ஒப்புக்க வேண்டியதாப் போச்சு. கதையில ஒரு ஓட்டை கூட இல்லை மக்கா. ஆனா பைலட் என்ன ஆனார்னு செக் பண்ணாமயே சொன்ன கதை.

இப்ப என் கதைக்கு வர்றேன்.

எங்க டிபார்ட்மென்ட்ல நாங்க சில பேர் சேர்ந்து ஒரு எலெக்ட்ரிக் கார்ட் பண்றோம். சின்ன நாலு சக்கர ரேஸ் வண்டி. அதோட ஆக்சிலரேட்டர் பெடல்ல ஒரே வேலைக்கு ரெண்டு சென்சார் வைப்பாங்க. காலை எவ்வளவு அமுக்குறீங்கன்னு ரெண்டும் தனித்தனியா சொல்லும். ரெண்டும் சொல்றது பொருந்தலைன்னா மோட்டாருக்குப் போற பவரை கட் பண்ணணும். ஃபார்முலா ஸ்டூடன்ட் மாதிரி போட்டிகள்ல இதுக்குக் கணக்கே இருக்கு. ரெண்டு சென்சாருக்கும் பெடல் நகர்வுல 10 சதவிகிதத்துக்கு மேல வித்தியாசம் வந்து, அது 100 மில்லி செகண்டுக்கு மேல நீடிச்சா, பவர் கட். இந்தச் சோதனைக்குப் பேரு என்ன சொல்லுங்க? ‘ப்ளாஸிபிலிட்டி செக்’! நம்பத்தகுந்த மாதிரி இருக்குங்கிறதை இன்ஜினீயரிங்ல முடிவா வெச்சுக்கறது இல்லை, சோதனையோட ஆரம்பமா வெச்சிருக்காங்க.

அன்னிக்கு எங்க வண்டி பத்தடிக்கு ஒரு தடவை நின்னு நின்னு போச்சு. மறுநாள் டிபார்ட்மென்ட்ல டெமோ. ராத்திரி ஒன்பது மணி. கிராஃப் எடுத்துப் பார்த்தா ஒரு சென்சார் குதி குதின்னு குதிக்குது. சென்சார் ஒயர் பக்கத்துலயே மோட்டார் ஒயர் போகுது. நாய்ஸா இருக்கும்னு தோணுச்சு. லாக் புக்ல ஸ்டைலா எழுதினேன். ‘குட் ப்ளாஸிப்ளி பி ட்யூ டு நாய்ஸ்.’ எழுதிட்டு, ப்ரோக்ராம்ல அந்த செக் வர்ற மொத்த பிளாக்கையும் கமென்ட் போட்டு ஆஃப் பண்ணிட்டேன். வண்டி சூப்பரா ஓடுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. (லத்தீன் ஞாபகம் வருதா?)

மறுநாள் காலையில வண்டி ஒர்க்‌ஷாப் தரையில நின்னுட்டு இருந்தது. சீட்ல யாரும் இல்லை. முன்னாடி குனிஞ்சு நட்டு முடுக்கிட்டு இருந்த ஜூனியர், ‘‘வேற ஸ்பேனர் எடுத்துட்டு வர்றேண்ணே’’ன்னு எழுந்து போனான். நான் மெயின் ஸ்விட்சைப் போட்டேன். யாரும் பெடலைத் தொடலை. வண்டி பாய்ஞ்சு போய், அடுக்கியிருந்த டயர்ல முட்டி, எமர்ஜென்ஸி ஸ்விட்சை அமுக்கற வரைக்கும் சக்கரம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. அவன் உட்கார்ந்திருந்த இடம் டயர் அடுக்குக்கு முன்னாடிதான்.

நாய்ஸ் இல்லை மக்கா. சென்சாரோட கிரவுண்ட் ஒயர், கனெக்டர்ல லூஸா இருந்திருக்கு. அது விட்டுப் போனா சென்சார் ஃபுல் வோல்டேஜைக் காட்டும். அதாவது, பெடலை முழுசா மிதிச்ச மாதிரி. ராத்திரி விட்டு விட்டு வந்தது, காலையில ஒரேயடியா விட்டுடுச்சு. ரெண்டாவது சென்சார், ‘யாரும் மிதிக்கலையே’ன்னு சரியாத்தான் சொல்லிட்டு இருந்திருக்கு. அதைக் கேட்கிற பிளாக்கைத்தான் நான் ஆஃப் பண்ணி வெச்சிருந்தேனே.

அப்புறம் அந்த கிராஃபைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நாய்ஸ்னா மேலயும் போகும், கீழயும் போகும். அதுல இருந்த ஒவ்வொரு ஸ்பைக்கும் மேல மட்டும்தான் போயிருந்துச்சு. முதல் நாளே என் கண்ணு முன்னாடி இருந்திருக்கு. ஒரு மல்டிமீட்டரை வெச்சுட்டு ஒயரைக் கையால ஆட்டிப் பார்த்திருந்தா ரெண்டு நிமிஷ வேலை.

மேம் திட்டலை. லாக் புக்கை வாங்கி அந்த வரியைப் படிச்சுட்டு, ‘‘இங்கிலீஷ் நல்லா இருக்கு’’ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க. அதுக்குத் திட்டே தேவலை!

லேப் ரெக்கார்டுல ‘பேரலாக்ஸ் எரர்’, ‘ஃப்ரிக்‌ஷன் லாஸ்’னு கண்ணை மூடிக்கிட்டு எழுதுற கூட்டம்தானே நாம எல்லாருமே. இப்ப அதுக்கு மெஷினும் வந்தாச்சு. 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்தப்போ, அது சில நேரம் கேட்கிறதுக்குப் ப்ளாஸிபிளா இருக்கிற தப்பான பதிலைச் சொல்லும்னு அதை உருவாக்கின ஓப்பன் ஏ.ஐ. கம்பெனியே எச்சரிச்சு எழுதியிருந்தது. நான் அந்த வரியை லாக் புக்ல எழுத எந்த மெஷினும் தேவைப்படலைங்கிறது வேற விஷயம்.

அந்தப் பக்கத்தை நான் கிழிக்கலை. கீழே ‘செக் பண்ணலை’ன்னு தமிழ்ல எழுதி, தேதி போட்டு வெச்சிருக்கேன். அதைப் பார்த்துத்தான் நம்ம ஜூனியர் வார்த்தையைப் பொறுக்கிட்டு வந்திருக்கான். ஆமா, ஸ்பேனர் எடுக்க எழுந்து போனானே, அவனேதான் இவன்.

போர்வையோட நின்னவனைப் பார்த்ததும், ஆக்டிங் கொடுக்கறான்னுதான் முதல்ல நினைச்சேன். மே மாசத்துல போர்வைன்னா வேற என்ன நினைக்கறது? வாய் வரைக்கும் வந்த கிண்டலை முழுங்கிட்டு, வார்டன் ரூமுக்குப் போய் தெர்மாமீட்டர் வாங்கிட்டு வந்து வெச்சுப் பார்த்தேன். 102.

லெட்டர்ல அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடிச்சுட்டு, அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்.