குச்சி வீட்டை ஆட்டியது போதும்

விஞ்ஞானக் கண்காட்சி என்றால் ஈர்க்குச்சியும் களிமண் உருண்டையும் வைத்து ஒரு மாடி வீடு. அதை ஒரு தட்டில் ஏற்றி ஆட்டுவது. விழாமல் நின்றால் கைதட்டல். நில அதிர்வைத் தாங்கும் கட்டடம் பற்றிய பாடம் முடிஞ்சுது. நல்ல விளையாட்டுதான். மூலைவிட்டமாக ஒரு குச்சி வைத்தால் வீடு ஏன் நிற்கிறது என்று கையால் செய்து பார்த்த பிள்ளை மறக்காது. ஆனா, வட்டவளைப் பிள்ளைக்கு முதல்ல காட்ட வேண்டியது இதுவா?

இலங்கை புவித்தட்டின் ஓரத்தில் இல்லை. 2020 ஆகஸ்டில் திகனப் பக்கம் நிலம் லேசா அதிர்ந்ததே பெரிய செய்தி. நம்ம பக்கம் ஆளைக் கொல்வது மழையில் ஊறின மண்.

அதே தட்டைச் சாய்த்து வையுங்கள். மண்ணைக் கொட்டி, நடுவில் தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்குங்கள். அதுதான் லயம். பூவாளியால் தண்ணீர் விடுங்கள். மண்ணின் இடுக்குகளில் தண்ணீர் நிறைய நிறைய, பாரம் கூடும், பிடிமானம் குறையும், லயம் கீழே வரும். இன்னொரு தட்டில், மண்ணுக்குள்ளே ஓட்டை போட்ட ஸ்ட்ரோக்களைச் செருகிவிட்டு அதே அளவு தண்ணீர் விடுங்கள். தண்ணீர் வடியும், சரிவு கூட நேரம் தாங்கும்.

இது கற்பனை இல்லை. 1990களில் வட்டவளையில் ரயில் பாதையோடு மலை நகர்ந்தபோது, மலைக்குள் நீளத் துளைகள் போட்டு நிலத்தடி நீரை வடித்துத்தான் பாதையைக் காப்பாற்றினார்கள். ரயிலுக்கு அந்த அக்கறை கிடைத்தது. லயத்துக்கு? பக்கத்துக் கானைக்கூட ஒழுங்கா வெட்டித் தர ஆளில்லை.

ஒவ்வொரு மண்சரிவுக்குப் பிறகும் “மக்களிடம் விழிப்புணர்வு இல்லை” என்பார்கள். சும்மா சொல்லாதீங்க! கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2005லும் 2011லும் ஆபத்து என்று எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. போவதற்கு வேறு காணியும் வீடும் கிடைக்கவில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் மலை வந்து லயங்களை மூடியது.

அதனால் மாதிரி செய்யும் பாடத்தோடு இந்தக் கேள்வியும் வரட்டும்: இந்தத் தீப்பெட்டியை இங்கே வைத்தது யார்? வகுப்புக்குள் அரசியல் வேண்டாம் என்கிற சேர்மாருக்கு ஒரு வேலை சொல்கிறேன். நேர்ப் பக்கமுள்ள போத்தலை வெட்டி மழைமானி செய்து, தினமும் காலையில் அளந்து கொப்பியில் எழுத வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 150 தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். கொப்பியில் 150 விழுந்த அன்று பிள்ளைகள் அதைத் தோட்ட ஆபிசுக்குக் கொண்டு போகட்டும், எங்கே போய்ப் படுப்பது என்று துரை சொல்லட்டும்.