ருஜு செய்ய வேண்டியவர் யார்?

விலை கொடுத்து ஒரு பொருளை வாங்கி, ரசீதும் பெற்று, ஆண்டுக்கணக்காக அதை அனுபவித்து வரும் ஒருவரை, அப்பொருளே ஒரு நாள் காலையில், "நீர் என்னை முறையாக வாங்கினவர்தாமா?" என்று கேட்குமானால், அதைவிட விநோதம் வேறு இல்லை. தையல் யந்திரம் அவ்வாறு கேட்பதில்லை, கடிகாரம் கேட்பதில்லை, சைக்கிள் கேட்பதில்லை. வீட்டிலுள்ள கம்ப்யூட்டர் மட்டும் கேட்கிறது. கேட்பதோடு நில்லாமல், திரையின் வலப்பக்கத்துக் கீழ்க்கோடியில் எச்சரிக்கை ஒன்றை எழுதி வைத்து, வருவோர் போவோர் எல்லோரும் காணும்படி, வீட்டுக்காரரைச் சந்தேகத்துக்கு உரியவராக்கியும் விடுகிறது. இது யந்திர நிபுணர்களுக்கு மட்டும் உரிய சிறு சங்கடம் என்று நமது நேயர்கள் தள்ளிவிடலாகாது. பொதுஜனங்களின் உரிமை ஒன்று இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் நடப்பது இன்னதென்று சொல்லுவோம். கம்ப்யூட்டரின் இயக்கத்துக்கு ஆதாரமாயுள்ள விண்டோஸ் என்னும் மென்பொருளை அமெரிக்காவிலுள்ள மைக்ரோஸாப்ட் கம்பெனியார் விற்கிறார்கள். அதைத் தனியே வாங்கினவருக்கு, எழுத்தும் எண்ணும் கலந்த 25 குறிகள் கொண்ட ஒரு திறவுகோல் கிடைக்கும். கம்ப்யூட்டரோடு சேர்த்து வாங்கினால், அது யந்திரத்துக்குள்ளேயே பதிந்திருப்பதும் உண்டு. கம்ப்யூட்டர் இன்டர்நெட் வழியாகக் கம்பெனியாரின் ஸர்வரோடு தொடர்பு கொண்டு, இத்திறவுகோலையும், மதர்போர்டு முதலிய தன் உறுப்புகளிலிருந்து திரட்டிய ஓர் அங்க அடையாளத்தையும் காட்டுகிறது. கணக்கு ஒத்திருந்தால் ஸர்வர் ஒப்புகிறது, ஒவ்வாவிட்டால் மறுக்கிறது. மறுப்புக்குக் காரணம் கள்ளப் பிரதியாக இருக்கலாம். பழுதான மதர்போர்டை மாற்றியதாக இருக்கலாம். கம்ப்யூட்டரின் தேதி தவறியிருப்பதாக இருக்கலாம். ஸர்வரே கெட்டுப்போனதாகவும் இருக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் காண்பதோ ஏறக்குறைய ஒரே முகந்தான்: ஒரு மறுப்பு, அதன் கீழ் விளங்காத ஒரு பிழை எண்.

கம்பெனியாரின் கட்சியையும் நாம் ஒளியாமல் கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். உழைத்து ஆக்கிய பொருளைப் பிறர் நகலெடுத்துத் தெருவில் விற்றால், ஆக்கியவர்கள் காவல் வைப்பது குற்றமாகாது. நமது தேசத்தில் 2017-ம் ஆண்டில் கம்ப்யூட்டர்களில் ஏற்றப்பட்ட மென்பொருள்களில் 56 சதவிகிதம் லைசென்ஸ் இல்லாதவை என்று, மென்பொருள் கம்பெனிகளின் சங்கமாகிய பி.எஸ்.ஏ. மதிப்பிட்டது. மதிப்பிட்டவர்கள் வழக்கில் ஒரு கட்சிக்காரர்கள் என்பதை மறக்காமல், வேண்டிய அளவு தள்ளிக் கணக்கிட்டாலும், திருட்டுப் பிரதி மிகுதி என்பதை எவரும் மறுக்க முடியாது. நாமும் மறுக்கவில்லை. காவல் வேண்டாம் என்பது நமது வாதமன்று. காவற்காரன் வழி தவறித் தாக்கும்போது அடி விழுவது யார் மேல் என்பதே கேள்வி.

இது கற்பனை அச்சமன்று. 2001-ம் ஆண்டு விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தபோது, ஏற்றிய 30 நாட்களுக்குள் கம்பெனியாரின் ஒப்புதல் பெறவேண்டும் என்ற விதி வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் வந்தது. 2006-ல், அசல் நகல் பார்க்கும் ஒரு கருவியைப் பாதுகாப்புத் திருத்தங்களோடு சேர்த்து அனுப்பினார்கள். அது நாள்தோறும் கம்பெனியாரின் ஸர்வரோடு பேசிக்கொண்டிருந்தது என்பது வெளிப்பட்டதும் பெருங் கண்டனம் எழுந்து, அவ்வழக்கம் மாற்றப்பட்டது. 2007 ஆகஸ்டு 24-ந் தேதியன்று நடந்ததோ எல்லாவற்றிலும் பெரிது. பரீட்சையில் இருந்த ஒரு நிரலை, ஊழியர் தவறினால், நடப்பிலிருந்த ஸர்வர்களில் ஏற்றிவிட்டார்கள். ஏறக்குறைய 20 மணி நேரம், முறையாக வாங்கிய எக்ஸ்பியும் விஸ்டாவும் கள்ளப் பிரதிகள் என்று தீர்ப்புப் பெற்றன. விஸ்டா வைத்திருந்தவர்கள் சில வசதிகளையும் இழந்தார்கள். பாதிக்கப்பட்டவை 12,000-க்கும் குறைந்த கம்ப்யூட்டர்களே என்று கம்பெனியார் சமாதானம் சொன்னார்கள். தொகை சிறிதாயிருக்கலாம்; ஆனால் பணம் கொடுத்தும் கள்ளன் என்ற பெயர் கேட்டவருக்குத் தொகை எதற்கு? பிறகு 2018 நவம்பர் 8-ந் தேதியன்று மறுபடியும் ஸர்வர் பிழையால், விண்டோஸ் 10 புரோ என்னும் உயர்ந்த பதிப்பை வாங்கினவர்கள் பலருக்கு, அவர்களிடம் உள்ளது ஹோம் என்ற தாழ்ந்த பதிப்பின் லைசென்ஸே என்று அறிவிப்பு வந்தது. இரண்டு சமயங்களிலும் பிழை திருத்தப்பட்டது உண்மை. வாங்கினவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

இங்கே சட்டம் அறிந்தவர்களின் மனத்தை உறுத்துவது ஒன்றுண்டு. குற்றஞ் சாட்டுகிறவனே அதை ருஜு செய்ய வேண்டும் என்பது நாகரிக தேசங்கள் அனைத்துக்கும் பொதுவான நியாயம். சாட்டப்பட்டவனுக்குக் குற்றம் இன்னதென்று தெளிவாகச் சொல்லி, அவன் சமாதானத்தையும் கேட்ட பிறகே தீர்ப்பு என்பதும் அந்நியாயத்தின் பகுதிதான். லைசென்ஸ் பரிசோதனையில் இவ்விரண்டும் தலைகீழாகின்றன. முதலில் தீர்ப்பு, பிறகு விசாரணை. குற்றப்பத்திரிகையோ ஒரு பிழை எண். நீதிபதியோ வழக்காடும் கம்பெனியாரின் ஸர்வர். அன்றியும், 2015-ல் விண்டோஸ் 10 வந்தது முதல், திறவுகோல் கையில் இல்லாவிட்டாலும் கம்பெனியாரின் ஏட்டிலுள்ள டிஜிட்டல் லைசென்ஸே போதும் என்ற முறை ஏற்பட்டது. அது வசதிதான், சந்தேகமில்லை. ஆனால், நிலத்தை விற்றவனிடமே கிரய பத்திரத்தையும் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பும் வசதி அது. தகராறு வரும் நாளில் காட்டுவதற்கு வாங்கினவரிடம் என்ன இருக்கிறது?

"நாங்கள் விண்டோஸை விற்கவில்லை, உபயோகிக்க அனுமதி மட்டுமே தந்தோம்" என்பது கம்பெனியாரின் ஒப்பந்த வாசகம். வீட்டுக்காரர் படியாமலே சம்மதம் என்று ஒப்பிவிடும் அந்த நீண்ட பத்திரத்தில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் நமது தேசத்து நியாயஸ்தலங்கள் சொன்னதையும் கேட்கவேண்டும். 2004-ம் ஆண்டில் டாட்டா கன்ஸல்டன்ஸி ஸர்வீஸஸுக்கும் ஆந்திரப் பிரதேச ஸர்க்காருக்கும் நடந்த வழக்கில், கடையில் விற்கும் மென்பொருள் விற்பனை வரிக்குரிய சரக்கே என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2021 மார்ச் மாதத்தில் இஞ்சினீயரிங் அனாலிஸிஸ் வழக்கிலும், உபயோகிப்பவர் மென்பொருளுக்குக் கொடுக்கும் பணம், பதிப்புரிமைக்காகத் தரும் ராயல்டி அன்று, பிரதி ஒன்றின் விலையே என்று அக்கோர்ட் தீர்மானித்தது. இரண்டும் வரி வழக்குகளே. வாங்கினவரின் உரிமையை அவை நேராக ஆராயவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆயினும் அவற்றின் உட்பொருள் வெளிப்படை. ஐரோப்பாவில் 2012-ம் ஆண்டில், யூஸ்டுஸாப்ட் என்ற கம்பெனிக்கும் ஆரக்கிள் கம்பெனிக்கும் நடந்த வழக்கில், கால வரம்பின்றி விலைக்குக் கொடுத்த மென்பொருள் லைசென்ஸை வாங்கினவர் மறுபடி விற்கலாம் என்றே ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரி வாங்கும்போது சரக்கு, வாங்கினவர் உரிமை கேட்கும்போது வெறும் அனுமதி என்று ஒரே பொருள் இரண்டு வேஷம் போடுவதை எத்தனை காலம் பொறுத்திருப்பது?

நிற்க. நியாயம் பேசிக்கொண்டிருக்கையில் வீட்டுக்காரரின் திரையில் எச்சரிக்கை நின்றபடியே இருக்கும். ஆகையால் செய்யத்தக்கதையும் கூறுவோம். முதலாவது, பதற வேண்டாம். இக்காலத்து விண்டோஸ் ஒப்புதல் இழந்தாலும் வேலையை நிறுத்துவதில்லை. திரையின் தோற்றத்தை மாற்றும் உரிமை போன்ற சிலவற்றையே தடுக்கிறது. எழுதி வைத்தவை எங்கும் போய்விடா. விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிவடைந்ததைக் கேட்டு, லைசென்ஸே ரத்தாயிற்று என்று மயங்குவோரும் உண்டு. அது வேறு, இது வேறு.

இரண்டாவது, கம்ப்யூட்டரின் தேதியும் மணியும் சரியாக உள்ளனவா, இன்டர்நெட் இணைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மதர்போர்டிலுள்ள சிறு பாட்டரி தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். அப்பொழுது ஸர்வரோடு பேச்சே நடவாது. பிறகு செட்டிங்ஸ் பகுதியில் ஆக்டிவேஷன் என்ற பக்கத்தைத் திறந்து, பதிப்பு ஹோமா, புரோவா என்று காணவேண்டும். ஹோமுக்கு வாங்கிய திறவுகோல் புரோவுக்குச் செல்லாது. பிழை எண்ணின் கடைசி இலக்கங்களும் ஓரளவு வழி காட்டும். 211 என்று முடிந்தால் யந்திர உறுப்பு மாறியிருக்கிறது என்று பொருள். 7001 என்றால் அந்த யந்திரத்துக்கு உரிய லைசென்ஸ் கிடைக்கவில்லை. 008 என்றால் அனுமதித்த அளவுக்கு மேல் திறவுகோல் உபயோகிக்கப்பட்டிருக்கிறது. 003 என்றால் திறவுகோலே தடுக்கப்பட்டுவிட்டது. 074 என்று முடிந்தால் மட்டும் நன்றாக யோசிக்கவேண்டும். பெரிய அலுவலகங்கள் தம் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் ஒப்புதல் தரத் தாமே வைத்திருக்கும் ஸர்வரை அந்த யந்திரம் தேடுகிறது. வீட்டுக் கம்ப்யூட்டர் அலுவலக ஸர்வரைத் தேடுவானேன்? பெரும்பாலும் விற்றவர் அலுவலக லைசென்ஸை ஏற்றிக் காசு வாங்கிவிட்டார் என்பதே விடை. கேட்க வேண்டியது அவரைத்தான்.

உறுப்பு மாறியதே காரணமாயின், முன்னமே மைக்ரோஸாப்ட் கணக்கோடு லைசென்ஸை இணைத்து வைத்தவருக்கு வழி எளிது. ஆக்டிவேஷன் பக்கத்திலுள்ள டிரபிள்ஷூட் என்ற பகுதியில், அண்மையில் உறுப்பு மாற்றியதைத் தெரிவித்து மீட்டுக்கொள்ளலாம். ஆகவே பிழை வருமுன்பே இணைத்து வைப்பது விவேகம். தனியே வாங்கிய லைசென்ஸை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டு செல்லலாம். கம்ப்யூட்டரோடு வந்தது அந்த யந்திரத்தோடேயே முடியும். இந்த வேற்றுமையை விற்பனையாளர்கள் சொல்லுவதில்லை, வாங்குவோரும் கேட்பதில்லை.

இன்னொரு பெரிய ஆபத்து உண்டு. பயந்த மனிதனைச் சுற்றியே வஞ்சகர் கூடுவர். எச்சரிக்கையைக் கண்டு கலங்கினவர், கம்பெனியின் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் அழைக்கும் அந்நியனிடம் கம்ப்யூட்டரையே ஒப்படைத்துவிடுகிறார். அல்லது, ஒரு நொடியில் ஒப்புதல் வாங்கித் தருவதாகச் சொல்லும் திருட்டுக் கருவியை ஏற்றி, அதனோடு கடவுச்சொல் கவரும் விஷ நிரலையும் வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறார். விலை கொடுத்து வாங்கினவரைச் சந்தேகித்த பரிசோதனை, கடைசியில் அவரை மெய்யான திருடர்களின் கையில் கொண்டுபோய் விடுவதும் உண்டு. இதைக் கம்பெனியார் சிந்திக்க வேண்டாமா?

நாம் கேட்பவை மிகையானவை அல்ல. ஒப்புதல் மறுத்தால், இன்ன காரணம், இன்ன பரிகாரம் என்று, சாதாரண மனிதருக்கு விளங்கும் பாஷையில் திரையிலேயே சொல்லட்டும். முன்பே ஒப்புதல் பெற்று ஆண்டுக்கணக்காக ஓடிய கம்ப்யூட்டரை, ஸர்வரின் ஒரு சொல்லைக் கேட்டு உடனே கீழிறக்காமல், போதிய தவணை கொடுக்கட்டும். ரசீது காட்டுகிறவருக்கு அதுவே ருஜுவாகட்டும். விற்பனையாளர்கள், கொடுக்கும் லைசென்ஸ் எந்த வகையைச் சேர்ந்தது, வேறு கம்ப்யூட்டருக்கு மாறுமா மாறாதா என்பதைப் பில்லிலேயே எழுத வேண்டும் என்று மத்திய ஸர்க்கார் உத்தரவிடட்டும். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நியாயமான காரணமின்றி ஒரு கட்சியாரே முறித்துக்கொள்ள இடந்தரும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. மாநில நுகர்வோர் ஆணையத்தில் அதை எதிர்த்து முறையிடவும் வழி வைத்திருக்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையமும் இருக்கிறது. ஆயுதம் உறையில் இருக்கிறது, எடுப்பார் இல்லை.

கம்பெனியார் இணங்காவிடில் வேறு வழியில்லை என்று நினைக்க வேண்டுவதில்லை. லினக்ஸ் என்ற அடிப்படையில் அமைந்த இலவச மென்பொருள்களில் திறவுகோலும் இல்லை, விசாரணையும் இல்லை. 2011-ல் தமிழ்நாடு ஸர்க்கார் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக் கம்ப்யூட்டர்களில், விண்டோஸோடு, ஸி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸும் ஏற்றப்பட்டிருந்தது. எல்லா வேலைகளும் அதில் நடக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் பத்திரிகை படிக்கவும் அது போதும். வேறு கடை இருக்கிறது என்று தெரிந்தாலன்றி எந்த வியாபாரியும் வாடிக்கைக்காரரை மரியாதையாக நடத்துவதில்லை.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். காரணம் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் முறையிடுங்கள். விலை கொடுத்தவர் தாம் திருடரல்லர் என்று ருஜு செய்துகொண்டிருக்கும் வழக்கத்துக்கு, அவர் வாய் திறக்கும் நாளே முடிவு நாளாகும்.