டீயில வெச்சு அடிச்சா மூளை மழுங்கிடுமா?

சாப்ட்பால்ல டீ-ன்னா நாயர் கடை டீ இல்லீங்க. இடுப்பு உயரத்துக்கு ஒரு ரப்பர் தண்டு. அதன் தலையில் பந்தை வைத்து, வலையைப் பார்த்து அடிக்க வேண்டும். திரும்ப வை, திரும்ப அடி. ஆளுக்கு ஐம்பது தடவை.

நான் படித்த பள்ளியில் ஏழாவது, எட்டாவது பெண்களுக்கு இதைத்தான் சொல்லித் தந்துகொண்டிருந்தேன். போன வாரம் ஒரு அப்பா வந்து, "ஏம்மா, பிள்ளைங்கள செக்குமாடு மாதிரி ஆக்குற? மேட்ச் ஆட விடும்மா" என்றார். பி.டி. சாரும் தலையாட்டிவிட்டார். இப்போது டீ மூன்றும் ஸ்டோர் ரூமில் தூங்குகின்றன. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பி.காம் படிக்கிறவளுக்குக் கணக்குதானே வரும்? கேளுங்க. மைதானம் எங்களுக்குக் கிடைப்பதே ஒரு மணி நேரம் (மிச்சமெல்லாம் பசங்க கிரிக்கெட்டுக்கு, அது தனிக் கதை). அதில் மேட்ச் ஆடினால் ஒரு பெண்ணுக்கு ஒன்றோ இரண்டோ முறைதான் பேட்டிங் வரும். தைரியசாலி நாலு தடவை மட்டையை வீசுவாள். பயந்தவள் மூன்று ஸ்ட்ரைக்கையும் வேடிக்கை பார்த்துவிட்டு வந்து உட்காருவாள். மூன்று டீ, பன்னிரண்டு பெண்கள், ஒரு அடிக்கு ஆறு விநாடி என்றால் இருபது நிமிஷத்தில் எல்லோருக்கும் ஐம்பது. பயந்தவளுக்கும் ஐம்பது!

இன்னொன்று. நம்ம பிள்ளைகள் தெரு கிரிக்கெட்டிலிருந்து வருகிறவர்கள். மட்டையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பார்கள். சாப்ட்பாலில் மட்டை தோள் பக்கம் இருக்க வேண்டும். பின்னங்கால் பாதம் திரும்ப வேண்டும், இடுப்பு முதலில் வரவேண்டும், கை அப்புறம்தான். வாயால் சொன்னால் "சரிக்கா" என்று தலையாட்டிவிட்டு அடுத்த பந்துக்கே கவர் டிரைவ் ஆடுவார்கள் :-) அந்தப் பழக்கமும் தெருவில் ஆயிரம் தடவை ஆடி வந்ததுதானே? பந்து அசையாமல் நிற்கும்போதுதான் கால் எங்கே திரும்புகிறது என்று அவளும் பார்க்க முடியும், நானும் பார்க்க முடியும்.

"ஒரே மாதிரி அடிக்கிறது வேஸ்ட், ஆராய்ச்சியே இருக்கு" என்கிறான் எங்கள் கிளாஸ் மேதாவி ஒருவன். இருக்கிறது, 1994-ல் வெளியானது. அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் வீரர்களுக்கு ஆறு வாரம், வாரம் இரண்டு நாள், கூடுதலாக 45 பந்து. மூன்று வகைப் பந்துகளைக் கலந்து ஆடியவர்கள் சுமார் 57 சதவீதம் முன்னேறினார்கள். வகை வகையாகப் பிரித்து, ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்று ஆடியவர்கள் 25. மேதாவிகள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். கூடுதல் பயிற்சியே இல்லாதவர்கள்? வெறும் 6! அதுவும் அவர்கள் ஏற்கெனவே அடிக்கத் தெரிந்தவர்கள். எங்கள் எட்டாவது பெண்ணுக்கு மட்டையே இன்னும் கையில் நிற்கவில்லை. அடி சரியாக விழ ஆரம்பித்ததும் வேகமாகவும் மெதுவாகவும் கலந்து போடுவோம், யார் வேண்டாம் என்றது? பிள்ளையை டீ முன்னால் விட்டுவிட்டு செல்போன் நோண்டுகிற கோச்சை நானும்தான் திட்டுவேன்.

வெள்ளிக்கிழமை சாரிடம் ஸ்டோர் ரூம் சாவி கேட்கப் போகிறேன். முதல் இருபது நிமிஷம் மட்டும் போதும், மீதி நாற்பது நிமிஷம் மேட்சே ஆடட்டும். அந்த அப்பா வந்தால் அவரையும் பத்து தடவை அடிக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.