‘அச்சடிக்கலாம்’ என்று யார் சொல்வது?

கலியாணப் பத்திரிகை அச்சடிக்கிற இடத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. முதலில் ‘புரூஃப்’ தருவார்கள். பெரியப்பாவின் பட்டம் விட்டுப் போயிற்றென்று ஒருவர் சொல்வார். முகூர்த்த நேரத்தை இன்னொருவர் சரிபார்ப்பார். எல்லாம் அந்த ஒரே தாளில் ஏறும். கடைசியில் வீட்டுப் பெரியவர் ‘அச்சடிக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் அச்சகத்தாரைக் குறை சொல்வதற்கில்லை!

இந்த அழகான வழக்கத்தை, வீட்டு வியாபாரத்துக்கு வலைத்தளம் அமைக்கும்போது மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம். புடவையோ பொடி வகையோ விற்க ஒரு தளம் வேண்டுமென்று, அதை வடிவமைக்கும் பெண்ணிடம் சொல்லுகிறோம். அவள் மாதிரியை அனுப்பியதும் தொடங்குகிறது திருவிழா! நாம் வாட்ஸ்அப்பில் ஒன்று சொல்ல, கணவர் தொலைபேசியில் வேறொன்று சொல்ல, நாத்தனார் நள்ளிரவில் குரல் செய்தி அனுப்புகிறார். சிவப்பு நீலமாகி, நீலம் மறுபடி சிவப்பாகிறது. பேசிய பணமோ அதேதான். அந்தப் பெண் கண் விழித்த இரவுகளுக்குக் கூலி யார் தருவது?

வழி இல்லாமலில்லை. 2016-ல் பொது உபயோகத்துக்கு வந்த ஃபிக்மா போன்ற சாதனங்களில், குண்டூசி குத்தினாற்போல் படத்தின் மேலேயே உரிய இடத்தில் குறிப்பு எழுதலாம். வேலை முடிந்ததும் ‘தீர்ந்தது’ என்று குறித்துவிடலாம். அது பழக்கமில்லையா? எண் போட்ட பட்டியல் ஒன்று போதும். எந்தப் பக்கம், எந்த இடம், என்ன குறை, யார் சொன்னது, முடிந்ததா – ஐந்தே கட்டங்கள். வீட்டார் எல்லோரும் பேசித் தீர்த்த பிறகு, ஒருவர் மட்டும் அதை அனுப்ப வேண்டும். எத்தனை சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் போனால் என்ன கூலி என்பதை முன்பணம் கொடுக்கும்போதே எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் க்ஷேமம்.

இன்னொரு சமாசாரம்: மருந்தைச் சொல்லாதீர்கள், நோவைச் சொல்லுங்கள். ‘எழுத்தைப் பெரிதாக்கு’ என்பதைவிட, ‘மாமியாருக்கு விலை தெரியவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள். கோளாறு அளவிலா, நிறத்திலா என்று அவளே கண்டுகொள்வாள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டுமென்று, 2008-ல் வெளியான சர்வதேச வலை அணுகல் நெறிகள் கணக்கே வகுத்திருக்கின்றன.

எல்லாம் சரியான பின் பட்டியலின் அடியில் ‘சம்மதம்’ என்று எழுதித் தேதி போடுங்கள். அதன் பிறகு நாத்தனாருக்கு ஊதாதான் பிடிக்குமென்று தெரியவந்தால்? தாராளமாக மாற்றலாம், தனிக் கூலி கொடுத்து!