மெஷின் வரட்டும், முதலில் கடைசி பஸ் வரட்டும்

ஸ்பிரிங்வெளி உறவுகளே!

ரயில் ஆசனத்தை இப்போது போனிலேயே பதியலாம். பஸ் கட்டணத்தை வங்கி அட்டையில் செலுத்தும் முறையும் 2025 நவம்பரில் ஆரம்பமானது. 2015இல் வந்த பிக்மீ, ஓட்டத்துக்கு ஓட்டம் கமிஷன் எடுத்து வளர்ந்து, பிறகு சாப்பாடு, பார்சல் என்று தொழிலை விரித்தது. காலத்துக்கேற்ப மாறுவதை நாங்கள் குறை சொல்லவில்லை.

ஆனால் கமிஷனில் பிழைக்கும் செயலி, ஓட்டம் நிறைந்த டவுனைத்தான் தேடும். வசூலில் பிழைக்கும் பஸ்ஸும் அப்படித்தான். ஆள் குறைவென்று கடைசி ஓட்டத்தை வெட்டிவிட்டால், பின்னேர வகுப்பு முடிந்த பிள்ளையும் கிளினிக் போன கொழுந்து பறிக்கும் தாயும் பதுளையில் யாரை நம்பி நிற்பது? வராத பஸ்ஸுக்கு அட்டை எதற்கு?

ரயில் பிந்தினால் அந்தச் செய்தி பஸ்காரரின் போனுக்குப் போக வேண்டும். அவர் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இதுதான் இணைந்த சேவை! அதனால் வரும் நட்டத்தை அவர் தலையில் கட்டாமல் அரசு ஏற்கட்டும். கடைசி ஓட்டத்தை வழி அனுமதிப்பத்திரத்திலேயே நிபந்தனையாக எழுதட்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கையொப்பம் சேர்க்கிறோம். கோயில், விகாரை, சேர்ச் போகும் உறவுகளும் வாருங்கள். பஸ் எல்லோருக்கும் ஒன்றுதான்.