ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும் கோவில் கழிப்பறைச் சாவியும்

கொஞ்சம் நீளமான இழை. சிரிச்சுக்கிட்டே படிக்கலாம், ஆனா விஷயம் சீரியஸ்.

எங்க வடசேரி பக்கத்துல இருந்து என்கிட்ட வர்ற வயசான அம்மாக்கள்ல நிறைய பேருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆறு நாள் எல்லா மாத்திரையும் டாண்ணு போடுவாங்க. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மாத்திரை அட்டையிலேயே இருக்கும். அது நீர் மாத்திரை. கேட்டா பதில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒண்ணுதான்: “கோயிலுக்குப் போணும்லா மக்ளே. அதைப் போட்டுட்டு அங்க எப்படி இருக்க?”

(குமரி மாவட்டத்துக்கு வெளியே இருந்து படிக்கிறவங்களுக்கு: இங்க கிறிஸ்தவங்களும் ‘கோயில்’னுதான் சொல்வோம். சர்ச்னு சொல்றது பெரும்பாலும் பத்திரிகை அடிக்கும்போதுதான்.)

அந்த அம்மாக்கள் கணக்கு மருத்துவ ரீதியா சரிதான். ஃபுரோசமைட் மாதிரி ஒரு நீர் மாத்திரையை வாயில போட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள வேலையை ஆரம்பிச்சிடும். ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல உச்சத்துக்குப் போகும். மொத்தம் ஆறு மணி நேரம் வரைக்கும் இழுக்கும். காலையில எட்டு மணிக்குப் போட்டா, ஒன்பது மணி ஆராதனையில ரெண்டாம் பாட்டு பாடும்போது முதல் அழைப்பு வரும். பிரசங்கத்துல மூணாவது குறிப்புக்கு ஐயா வரும்போது அவசரம். அதுக்கப்புறம்தான் அறிவிப்பே ஆரம்பிக்கும்.

அறிவிப்பு பத்தி தனியா ஒரு இழை போடலாம். நடுவார ஜெபக்கூட்டம் யார் வீட்டுல, பெண்கள் ஐக்கிய சங்கம் எத்தனை மணிக்கு, பாடகர் குழு பயிற்சி, மாத சந்தா பாக்கி, கல்யாண ஓலை முதலாம் முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை. செயலாளர் மைக்கைப் பிடிச்சார்னா சில வாரம் பிரசங்கத்தையே தாண்டிருவார். ஓலை வாசிக்கும்போது மட்டும் மொத்த சபையும் காதைத் தீட்டிக்கிட்டு உட்காரும். யாரு மவன், யாரு மவ, எந்த ஊரு.

இதுக்கு நடுவுல எழும்பி வெளியே போற அறுபத்தெட்டு வயசு அம்மாவை எத்தனை கண் பார்க்கும்? சரி, பார்க்கட்டும். போய் எங்க போறது?

கழிப்பறை இல்லாத கோவில் இப்ப குறைவு. இருக்கு. கல்லறைத் தோட்டத்துப் பக்கமா, மதிலை ஒட்டி, தென்னைக்குக் கீழே. பூட்டியிருக்கும். சாவி மணி அடிக்கிற அண்ணாச்சிகிட்ட. அவர் மணி அடிச்சுட்டு வாசல்ல செருப்பைப் பார்த்துக்கிட்டு நிற்பார், இல்லேன்னா டீக்கடையில. ஒரு பெரிய மனுஷி அவரைத் தேடிப்போய் எல்லார் முன்னாலயும் சாவி கேட்கணும். கேட்டு வாங்கித் திறந்தா உள்ளே குத்தவைக்கிற பீங்கான். முழங்கால் தேய்ஞ்சவங்க உட்கார்ந்தா எழும்ப ஒரு பிடிமானம் கிடையாது. பைப்பைத் திறந்தா காத்து வரும்.

அதனால அவங்க கண்டுபிடிச்ச வழி ரொம்ப எளிசு. சனிக்கிழமை ராத்திரியே தண்ணியைக் குறைச்சுடுவாங்க. ஞாயிறு காலையில காப்பி பாதி டம்ளர். நீர் மாத்திரை கிடையாது. பெரிய வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியில இருந்து மூணு மணி வரைக்கும் ஏழு வார்த்தை ஆராதனை, வெயில் காலம், அன்னைக்கு உபவாசம் வேற. கேட்கவே வேண்டாம்.

விளைவு வாரத்தோட முதல் பாதியில தெரியும். இதயம் பலவீனமா உள்ள சிலருக்குத் திங்கள் கால் வீக்கம், செவ்வாய் ராத்திரி படுத்தா மூச்சு முட்டல். சர்க்கரை உள்ளவங்களுக்கு, தண்ணி குறைச்சு அடக்கி வச்சதுல, நீர்க்கடுப்பு, குளிர் காய்ச்சல். பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய் நீளம் குறைவு, தொற்று ஏற வழி எளிசு. இப்ப சர்க்கரைக்கும் இதயத்துக்கும் சேர்த்து எழுதுற டபாக்ளிஃப்ளோசின் மாதிரி மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியா வெளியே தள்ளுற வகை. அதனால சிறுநீர் கூடத்தான் போகும். அதையும் ஞாயிறு நிறுத்தறவங்க இருக்காங்க. நாங்க டோஸ் கூட்டுறதா குறைக்கிறதான்னு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு இருப்போம்.

ஆண்களுக்கும் அறுபது தாண்டினா புராஸ்டேட் உண்டு. ஆனா அவங்களுக்கு மதிலும் உண்டு.

சபைக் கமிட்டியில பெரும்பாலும் யார் இருக்காங்க? மதில் உள்ளவங்க. இதை யாரும் வேணும்னு செய்யறதில்ல. தனக்கு வராத அவசரம் நிகழ்ச்சி நிரல்ல வராது, அவ்வளவுதான்.

அடுத்த காரணம் உபயம். கோவிலுக்குள்ள நின்னு ஒரு சுத்து பாருங்க. மின்விசிறி இறக்கையில ஒரு பேர். பெஞ்சுக்குப் பின்னால ஒரு பேர். மணி, மேசை, விளக்கு, ஒலிபெருக்கி, எல்லாத்துலயும் ‘அன்னாரின் நினைவாக’. டியூப்லைட்ல எழுதின பேர் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு இருக்கிற கோவிலும் பார்த்திருக்கேன். நான் இதைக் கேலி பண்ணலை. செத்துப்போன அப்பாவை நினைச்சு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுக்கிறது அன்பான காரியம். ஆனா இந்த முறையில ஒரு ஓட்டை இருக்கு. எவனும் தன் அப்பா பேரைக் கழிப்பறைக் கதவுல எழுத மாட்டான். அதனால அதுக்கு உபயதாரர் கிடையாது. பொதுப்பணத்துல இருந்துதான் வரணும். பொதுப்பணமோ கோபுரத்துக்குப் போகுது, பக்கத்து சபை கோபுரம் ரெண்டு அடி உசரமாயிட்டதால.

“தேவாலயத்துப் பக்கத்துல கக்கூஸா?”ன்னு ஒரு பெரியவர் என்கிட்டயே கேட்டார். உபாகமம் 23-ஆம் அதிகாரத்தை வாசிச்சுப் பாருங்க ஐயான்னு சொன்னேன். பாளையத்துக்கு வெளியே இதுக்குன்னு ஒரு இடம் இருக்கணும், மண்ணைத் தோண்டி மூட ஒரு கோலும் வச்சிருக்கணும்னு மோசே காலத்துலயே விதி போட்டு வச்சிருக்கு. வனாந்தரத்துல அலைஞ்சுக்கிட்டு இருந்தவங்களே யோசிச்சிருக்காங்க. நமக்கு மாநகராட்சித் தண்ணி இணைப்பு இருக்கு.

வரலாறும் நம்ம பக்கம்தான். வடசேரியில இருக்கிற கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி எப்படி ஆரம்பிச்சதுன்னு ஊர்க்காரங்களுக்கே பலருக்குத் தெரியாது. 1893-ல இரட்சணிய சேனையைச் சேர்ந்த ஹாரி ஆண்ட்ரூஸ்ங்கிற இளைஞர் நாகர்கோவில்ல அவங்க இருந்த கட்டடத்துக் குளியலறையில மருந்து வச்சு, வர்றவங்களுக்குப் புண் கட்டி, வயித்துவலிக்கு மருந்து கொடுக்க ஆரம்பிச்சார். அவர் அப்ப டாக்டரே இல்ல. முறையா மருத்துவம் படிச்சதெல்லாம் பின்னாடி. 1900-ல பெர்சி டர்னர்ங்கிற டாக்டர் வந்ததும் அது ஆஸ்பத்திரியா வளர்ந்தது. ஆண்ட்ரூஸ் 1919-ல வசீரிஸ்தான்ல, சண்டைக்கு நடுவுல காயம்பட்டவங்களைத் தூக்கிக் காப்பாத்தும்போது செத்துப்போனார். விக்டோரியா கிராஸ் கொடுத்தாங்க. எங்க ஊர்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு மூலஸ்தானம் குளியலறை. அதனால கோவில் கமிட்டி கூட்டத்துல இந்தப் பேச்சை எடுக்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

இந்த மாவட்டத்துக் கோவில்கள்ல பெண்கள் காசு கலந்தே வந்திருக்கு. 1820-கள்ல மார்த்தா மால்ட் நாகர்கோவில்ல பெண்களுக்கு லேஸ் பின்னக் கத்துக்கொடுத்தாங்க. அந்த வருமானத்துல பிள்ளைகள் படிச்சாங்க. பிடியரிசி இன்னைக்கும் பல வீட்டுல உண்டு: சோத்துக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி தனியா எடுத்து வச்சு, கோவிலுக்குக் கொடுக்கிறது. தோள்சீலை போடுற உரிமைக்காகப் பெண்கள் அடி வாங்கி, 1859-ல அரசாணை வர்ற வரைக்கும் நின்ன மண்ணு இது. அந்தப் பெண்களோட பேத்திகள் ஒரு டம்ளர் தண்ணியைப் பயந்து பயந்து குடிச்சிட்டு ஆராதனைக்கு வர்றாங்கன்னா, அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடலை.

படி விஷயமும் இதோட சேர்ந்ததுதான். எவரெஸ்ட்ல 1924-ல செயற்கை ஆக்சிஜன் இல்லாம ஏறக்குறைய 28,000 அடி வரைக்கும் ஏறின ஹோவர்ட் சாமர்வெல், நம்ம நெய்யூர் ஆஸ்பத்திரியில சர்ஜனா இருந்தவர். சில கோவில் வாசல் படிகளைப் பார்த்தா அவரை மனசுல வச்சுத்தான் கட்டினாங்களோன்னு தோணும். ஒன்பது படி, கைப்பிடி கிடையாது, மேலே வழவழன்னு கிரானைட். மழை பெஞ்சா ஸ்கேட்டிங். கேட்டா, “சாய்தளம் வச்சிருக்கோம் டாக்டர்”னு பின்பக்கம் கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க. பிள்ளைகள் சறுக்கி விளையாடுற சரிவு. ஒரு அடி உசரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேணும், அதுதான் முறை. மூணு அடி உசரமான வாசல்னா முப்பத்தாறு அடி சாய்தளம். இடம் இல்லேன்னா வளைச்சுக் கொண்டு போகலாம். கதவு அகலம் 90 சென்டிமீட்டர் இருந்தா சக்கர நாற்காலி நுழையும். விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு வந்த எத்தனையோ பேரைப் பார்த்தாச்சு. ஆபரேஷன் செலவுல ஒரு பங்கு போதும், ரெண்டு பக்கமும் எவர்சில்வர் கைப்பிடி போட.

காசு எங்கன்னு கேட்பாங்க. அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு வந்திருக்கீங்களா? வடசேரி கனகமூலம் சந்தையில நூறு ரூபாய்க்கு வாங்கக் கூடிய பூசணிக்காயை எங்க கோவில்ல ரெண்டு அண்ணாச்சிமார் வீம்புக்கு ஏத்தி 5,000 ரூபாய் வரைக்கும் கொண்டு போனதை நான் கண்ணால பார்த்தேன். வாழைக்குலை, சேனை, நாட்டுக்கோழி, கடைசியில ஒரு முட்டை. ஒரே முட்டை பத்து தடவை ஏலம் போகும்: எடுத்தவரே திரும்பக் கோவிலுக்குக் கொடுப்பார், மறுபடி ஏலம். இந்த ஒரு வருஷ ஏலப்பணத்தை முன்கூட்டியே ‘இது கழிப்பறைக்கும் கைப்பிடிக்கும்’னு அறிவிச்சுப் பாருங்க. முட்டை இன்னும் ரெண்டு சுத்து கூடுதலாவே ஓடும்.

கட்டறது ஒரு தடவை. வச்சுப் பார்க்கிறது வருஷம் முழுக்க. இங்கதான் பல சபை தவறுது. திறப்பு விழா, ரிப்பன், போட்டோ. ஆறு மாசத்துல பழைய பெஞ்சு அடுக்குற ஸ்டோர் ரூம். சுத்தம் பண்றவருக்கு மாசச் சம்பளம் வரவு செலவுத் திட்டத்துல தனி வரியா எழுதியிருக்கணும், மணி அடிக்கிற அண்ணாச்சி தலையில இலவசமாக் கட்டக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் தொட்டியில தண்ணி நிறைச்சாச்சான்னு பார்க்க ஒரு ஆள். செப்டிக் டேங்க் நிறைஞ்சா வண்டியைக் கூப்பிடணும். மனுஷனை உள்ளே இறக்கறது 2013 சட்டப்படி குற்றம். இதெல்லாம் எழுத்துல, கமிட்டி தீர்மானப் புத்தகத்துல இருக்கணும். கமிட்டி மாறும், புத்தகம் மாறாது. கட்டடக் குழுவுல பெண்கள் ஐக்கிய சங்கத்துல இருந்து ரெண்டு பேர் இருக்கணும், அதுல ஒருத்தர் அறுபது தாண்டினவரா இருந்தா நல்லது. கதவு எந்தப் பக்கம் பார்க்கணும்ங்கிற கேள்வியை அவங்க மட்டும்தான் கேட்பாங்க.

கோவில் கமிட்டியைப் பத்தித்தான் எழுதினேன்னாலும் கல்யாண மண்டபம், அம்மன் கோவில் கொடை, சவேரியார் திருவிழாக் கூட்டம் எல்லாத்துக்கும் இது பொருந்தும்.

இப்ப, மாத்திரை போடுறவங்களுக்கு. நீர் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. “ஞாயிறு காலையில கோயிலுக்குப் போறேன், வந்தப்புறம் போடலாமா?”ன்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. பெரும்பாலானவங்களுக்கு மதியம் வீட்டுக்கு வந்து போட்டாப் போதும்னு சொல்லிடுவோம். சாயங்காலத்துக்குத் தள்ளாதீங்க, ராத்திரி தூக்கம் போயிடும், இருட்டுல எழும்பிப் போய் விழவும் வாய்ப்பு. உபவாச நாள்ல சர்க்கரை மாத்திரை போடுறவங்க, முக்கியமா கிளிமிபிரைடு, இன்சுலின் எடுக்கிறவங்க, முந்தின வாரமே கேட்டுக்கிடுங்க. வியர்த்து, கை நடுங்கினா உடனே சர்க்கரையோ மிட்டாயோ வாயில போடுங்க. உபவாசத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.

போதகர்மாருக்கு ஒரு சின்ன விண்ணப்பம். பிரசங்கத்தைக் குறைக்கச் சொல்லலை, அது உங்க பாடு. ஆராதனை ஆரம்பத்துல ஒரே ஒரு வரி: “கழிப்பறை வலது பக்கம், திறந்திருக்கு, நடுவுல எழும்பிப் போறதுல தப்பில்ல.” மைக்குல நீங்க சொன்னா அந்த அம்மாக்கள் காதுல அது அனுமதியா விழும். நான் ஆஸ்பத்திரியில பத்து தடவை சொன்னாலும் விழாது.

வர்ற ஞாயிறு உங்க கோவில்ல சாவி யார்கிட்ட இருக்குன்னு விசாரிச்சுட்டு வந்து கீழே எழுதுங்க. ‘தெரியலை’ங்கிற பதிலையும் எழுதலாம்.